என் வால்வைத் தொடாதே

என் தம்பியும் நானும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே கிணற்றில், ஐம்பது அடி ஆழத்தில், ஒருவனை ஒருவன் நம்பிக் கிடந்தோம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். தர்மபுரி மாவட்டத்தில் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகிற பைத்தியங்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். தனியாக இறங்கக்கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் சட்டம். அவனை விட்டால் எனக்கு ஆள் கிடையாது, என்னை விட்டால் அவனுக்குக் கிடையாது. இறங்குவதையே நிறுத்திவிடலாம்தான், ஆனால் யார் முதலில் நிறுத்துவது? நான் நிறுத்தினால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு பேரும் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். அவன் காரிமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பேச்சு இருந்த காலத்தில் இரண்டு குடும்பமும் பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா போனோம். அங்கே கடலுக்கு அடியில் கூட்டிப் போவதாக ஒரு போர்டைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கடற்கரையில் உட்கார வைத்துவிட்டு, நாலு நாள் பயிற்சிக்குப் பேர் கொடுத்தோம். என் மனைவி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஊர் திரும்பும்போது இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்திருந்தது. யாரோ விட்டொழித்த பழைய சாமான்களை வாங்கினோம். சிலிண்டரைப் பாண்டிச்சேரியில் நிரப்பிக் காரில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் கிணற்றிலேயே இறங்க ஆரம்பித்தோம். எண்பது அடிக் கிணறு. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் அறுபது அடிக்குத் தண்ணீர் நிற்கும். ஒகேனக்கலில் இறங்கக் கூடாதா என்று பலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்த இழுப்பில் இறங்கினால் எங்களைத் தேட இன்னும் நாலு பேர் இறங்க வேண்டியிருக்கும்.

கிணறு அப்பா வெட்டியது. நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாதே. ஒரு மோட்டார், இரண்டு பைப் லைன், மோட்டார் ரூம் சுவரோரம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேட் வால்வு. ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை. பங்குக் கிணறு இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதன் சட்டத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பங்காளி வூட்டு அடுப்படி வரைக்கும்கூடப் போகலாம், அவன் வால்வில் மட்டும் கை வைக்கக்கூடாது. எங்கள் பக்கத்துக் கொலை வழக்குகளைக் கிளறினால் பாதி ஏதாவது ஒரு வால்வில் போய் முடியும் என்பது என் எண்ணம்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கோடையில் என் முறை நாளில் அவன் என் வால்வை மூடிவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் தக்காளியில் பாதி வயலுக்குமேல் தண்ணீர் போகவில்லை. நாற்று நட்டு நாலாம் நாள், எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. நேராக அவன் கடைக்குப் போனேன். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். பைப் உடைந்து தண்ணீரெல்லாம் ரோட்டுக்கு ஓடியது, அதனால் நிறுத்தினேன் என்றான். நான் நம்பவில்லை, நம்புகிற மனநிலையிலும் இல்லை. "இனிமே என் வால்வு மேல கை வெச்சா கை இருக்காதுடா. எங்கிட்டப் பேச்சும் வெச்சுக்காத" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு வந்தேன். அவன் குனிந்து காயில் கட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து பேசவே இல்லை.

என் மனைவியும் அவன் மனைவியும் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. குழம்பு போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது. கூடவே சேதியும் வரும். "ஏங்க, உங்க தம்பி ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு எறங்குறாராம்" என்பாள் என் மனைவி. "எறங்கட்டும்" என்பேன். எட்டு மணிக்குக் கிணற்று மேட்டில் இருப்பேன்.

தண்ணீருக்குள் பேச்சு தேவையில்லை என்பது வசதியாகப் போயிற்று. எல்லாம் கைச் சைகைதான். கட்டை விரலைத் தூக்கினால் மேலே போகலாம், விரலை வட்டமாகப் பிடித்தால் நன்றாயிருக்கிறேன். அதைக்கூட நான் அவன் முகத்தைப் பார்க்காமல் காட்டப் பழகியிருந்தேன்.

பழுதுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. ஒருமுறை வாயில் கவ்வுகிற ரெகுலேட்டர் மூடாமல் வாஷர் போன குழாய் மாதிரி காற்றைக் கொட்டிக்கொண்டே இருந்தது. பயிற்சியில் சொன்னபடி அதை வாயோரம் தளர்வாகப் பிடித்து, வேண்டிய காற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மேலே வந்தேன். இன்னொரு முறை அவன் போட்டிருந்த மிதவை ஜாக்கெட்டின் பொத்தான் உள்ளே சிக்கி, ஜாக்கெட் தானாக ஊதிக்கொண்டு அவனை மேலே தூக்க ஆரம்பித்தது. அப்படி வேகமாக மேலே போனால் நுரையீரல் கிழிந்துவிடும். அவன் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஜாக்கெட்டுக்குக் காற்று வருகிற குழாயை நான்தான் பிடுங்கி விட்டேன். அதற்கு ஒரு நன்றி கிடையாது. நானும் எதிர்பார்க்கவில்லை. கால் துடுப்பின் பட்டைகள் அறுந்தபோதெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினோம். எங்கள் ஊரில் சைக்கிள் டியூப் கட்டாத சாமான் எது இருக்கிறது?

பழுதாவது பரவாயில்லை. நாங்கள் செய்த பெரிய அயோக்கியத்தனம் வேறு. இறங்குவதற்கு முன்னால் ஒருவன் சாமானை மற்றவன் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜாக்கெட், பட்டைகள், கொக்கி, காற்று என்று வரிசை இருக்கிறது. பேச்சு இருந்த காலத்தில் அவன் என் முதுகுப் பக்கம் வந்து சிலிண்டர் வால்வைத் திருகிப் பார்த்து, "தொறந்திருக்குண்ணா" என்பான். சண்டைக்கு அப்புறம் அதை விட்டுவிட்டோம். அவனவன் சாமானை அவனவன் பார்த்துக்கொண்டான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பார்த்திருந்தால் இரண்டு பேரையும் செருப்பால் அடித்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோபத்தோடுதான் போனேன். முந்தின நாள் என் முறை. அது முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே அவன் மோட்டார் ரூமில் வந்து நின்றுகொண்டான் என்பது கோபத்துக்குக் காரணம். எனக்கு அந்த நாட்களில் காரணத்துக்குக் குறைவே இல்லை. அவன் எதிர்ச் சுவரில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கக்கூடாது என்று சிலிண்டரை என் பக்கமாகத் திருப்பி நிறுத்தி ரெகுலேட்டரைப் பூட்டினேன், வால்வைத் திறந்தேன், காற்றின் அளவு காட்டும் கேஜில் முள் இருநூறைக் காட்டியது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் போன் செய்தார். ஏதோ பட்டியல் வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை. அவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிவிட்டு வந்தேன்.

வந்து நின்றது சிலிண்டருக்கு அந்தப் பக்கம். வால்வைத் திறந்தேனா, சோதித்துவிட்டு மூடினேனா என்று சந்தேகம். திருகிப் பார்த்தேன், திரும்பியது. திரும்புகிறதென்றால் மூடியிருந்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு முட்டும்வரை திருகினேன். பிறகு கால் சுற்று பின்னால் விட்டேன். இது எங்கள் ஊர்க் கைப்பழக்கம். கேட் வால்வை முட்டத் திறந்து அப்படியே விட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதனால் கடைசியில் கால் சுற்று தளர்த்தி வைப்போம். பிறந்ததிலிருந்து செய்கிற வேலை, கை தானாகச் செய்துவிட்டது.

எதிர்ப் பக்கம் நின்றதில் கைக்குத் திசை மாறிவிட்டது. நான் திருகியது திறக்கிற பக்கம் அல்ல, மூடுகிற பக்கம். திறந்திருந்த வால்வை முட்ட மூடி, கால் சுற்று மட்டும் திறந்து வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு அழுத்தம் என்ற பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறவன் செய்த காரியம் இது.

முள்ளைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், முள் துடித்திருக்கும். இரண்டு மூச்சுதான் இழுத்தேன். கண் கேஜில் இல்லை. அவன் கை வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவனை முறைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. திறக்கவில்லை. குனிந்து மறுகால் உறையை மாட்டினான்.

படியிறங்கித் தண்ணீரில் விழுந்தோம். மோட்டாருக்குப் போகிற கறுப்புக் குழாயைப் பிடித்தபடி இறங்குவதுதான் வழக்கம். பதினைந்து அடிவரை பச்சை, அதற்குக் கீழே டார்ச் இல்லாமல் முடியாது. வழக்கமாக அவன் எதிர்ச் சுவர்ப் பக்கம் போய்விடுவான். அன்றைக்கு என் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தான். திரும்பினால் முகத்துக்கு நேரே அவன் மாஸ்க். வேவு பார்க்கிறானா என்று எரிச்சலாக இருந்தது. கையை வீசி எட்டப் போ என்று காட்டினேன். போகவில்லை. கால் துடுப்பை அவன் மார்பில் வைத்துத் தள்ளினேன். இரண்டடி பின்னால் போய் மறுபடியும் வந்தான்.

ஐம்பது அடியில் என் இடது கால் துடுப்பு கழன்றது. சைக்கிள் டியூப் அறுந்துவிட்டது. குனிந்து அதைப் பிடித்து முடிச்சுப் போடுகையில் மூச்சு வாங்கியது. அப்போதுதான் காற்று போதவில்லை என்று உணர்ந்தேன். கெட்டியான கூழை மெல்லிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. இழுத்தேன், பாதி வந்தது. இன்னும் பலமாக இழுத்தேன், கால்வாசி வந்தது. கேஜைப் பார்த்தேன். இழுக்கும்போது முள் பூஜ்யத்துக்கு விழுகிறது, விட்டால் மெல்ல ஏறுகிறது. சிலிண்டரில் காற்று இருக்கிறது, எனக்கு வரவில்லை. உதிரி ரெகுலேட்டரை வாயில் வைத்தேன். அதுவும் அதே வால்விலிருந்துதானே வருகிறது, அதிலும் இல்லை.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மூடிவிட்டான் என்று தோன்றியது. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது இதற்குத்தான், கொல்லப் பார்க்கிறான் என்று தோன்றியது. கூடப்பிறந்தவனைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

கையைப் பின்னால் வளைத்து வால்வைத் தேடினேன். விரல் நுனிதான் எட்டியது. ஒரு கையால் சிலிண்டரை அடியிலிருந்து தூக்கினால் மறு கைக்கு வால்வு எட்டும், சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூச்சு முட்டுகிறவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது. வாயால் காற்றை விட்டுக்கொண்டே நேராக மேலே போய்விடலாம் என்று நினைத்தேன். ஐம்பது அடி, போகலாம். போக முடியாமலும் ஆகலாம்.

காற்று இல்லை என்பதற்குச் சைகை, கையைக் கழுத்தில் வைத்துக் குறுக்கே அறுப்பது. யாரிடம் காட்டுவது? கிணற்றில் இருந்தது அவன் ஒருவன்தான். காட்டினேன்.

அவன் கையில் அவனுடைய உதிரி ரெகுலேட்டர் தயாராக இருந்தது. நான் காட்டிய பிறகு எடுக்கவில்லை, அதற்கு முன்பே எடுத்துப் பிடித்திருந்தான். அதை என் வாயில் திணித்து, என் ஜாக்கெட் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் சிலிண்டர் காற்றை நான் குடித்தேன். அவ்வளவு நல்ல காற்றை நான் அதற்கு முன் குடித்ததில்லை, அது அவனுடையது என்பதுதான் கசந்தது. என் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் கை என் தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் போனது. பாதியில் நின்றது.

கையைத் திரும்ப எடுத்து, என் முகத்துக்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தில் நீட்டி, ஒரு விரலால் என் வால்வைக் காட்டினான். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தொடலாமா என்று கேட்கிறான். ஐம்பது அடித் தண்ணீருக்குக் கீழே, என் வாயில் அவன் காற்று இருக்கும்போது, என் வால்வைத் தொட உத்தரவு கேட்கிறான்.

தலையாட்டினேன். திருகினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றுகள் சிலிண்டர் வழியாக என் முதுகெலும்பில் தெரிந்தன. என் ரெகுலேட்டரை எடுத்துக் கவ்வினேன், காற்று தாராளமாக வந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். மறுபேச்சில்லாமல் மேலே கிளம்பினேன்.

எவ்வளவு அவசரமானாலும் முடிந்தால் பதினைந்து அடியில் மூன்று நிமிஷம் நின்றுதான் மேலே போக வேண்டும். கறுப்புக் குழாயை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நேருக்கு நேர் தொங்கினோம். பார்க்க வேறு எதுவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தேன். மாஸ்க்குக்குள் கண் சிவந்திருந்தது. கோபம்தான்.

படியில் ஏறி உட்கார்ந்ததும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"நீதான மூடுன?"

"மூடுனது நீங்க" என்றான். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றே கூப்பிட்டவன். "போன் பேசிட்டு வந்து அந்தாண்டப் பக்கம் நின்னு முட்ட மூடுனீங்க. கால் சுத்து திருப்பி விட்டீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பாத்தவன் வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"எப்டிச் சொல்றது? பேச்சு வெச்சுக்காதன்னு சொன்னது யாரு? வால்வத் தொட்டா கை இருக்காதுன்னு ஆறு பேரு முன்னாடி சொன்னது யாரு?"

"அதுக்கு? சாவட்டும்னு உட்டுட்டியா?"

அவன் துடுப்பிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு, கிணற்றுக்குள் பார்த்தபடி சொன்னான். "கால் சுத்துல மேல நல்லாத்தான் வரும். ஆழம் போவப் போவ பத்தாது. எங்க பத்தாம போவும்னு தெரியும். அதான் ஒரு கை தூரத்துலயே வந்தேன். எட்டி ஒதச்சீங்க, அப்பவும் வந்தேன்." மறு துடுப்பையும் கவிழ்த்தான். "நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன்."

ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. உயிரை வைத்து விளையாடியிருக்கிறான். ஒரு வார்த்தை, இரண்டு எழுத்து, ஏய் என்றிருந்தால் போதும். நான் கேட்க வேண்டும் என்பதற்காக ஐம்பது அடிவரை கூடவே வந்து காத்திருந்திருக்கிறான். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் என் கை எழவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒரு கை தூரத்தில் வந்திருப்பேனா என்பதுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு என் பைப் லைன் ஓரமாகவே வூட்டுக்கு நடந்தேன். ரோட்டுத் திருப்பத்தில் பைப்பில் ஒரு ஒட்டு இருக்கிறது. உடைந்த இரண்டு முனைகளையும் சேர்க்கிற புதுக் காலர் போட்டு, அதன் மேல் சைக்கிள் டியூபை இழுத்து இழுத்துச் சுற்றி, கடைசியில் காயில் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கும். காயில் கம்பியால் முறுக்குப் போடுகிறவன் எங்கள் ஊரில் ஒருவன்தான். அந்தக் கோடையில் பைப் நிஜமாகவே உடைந்திருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, ஒட்டும் போட்டு, அது காயட்டும் என்று வால்வை மூடியபடியே விட்டுவிட்டுத்தான் அவன் கடைக்குப் போயிருக்கிறான். நான் கத்திவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே அந்த ஒட்டைப் பார்த்தேன். மூன்று வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் அவன் கடை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும், அதே ஆறு பேர் முன்னால்.

இரண்டு வாரம் கழித்து மனைவி சேதி கொண்டுவந்தாள். எட்டு மணியாம். போனேன். அவன் எதிர்ச் சுவரில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். நான் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, கிணற்று மேட்டைச் சுற்றிப் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"பைப்பு ஒட்டு நீ போட்டதுதான். அன்னிக்கே தெரியும்" என்றேன்.  "வால்வப் பாரு" என்றேன்.

 போய்விட்டானோ என்றுகூட நினைத்தேன். பிறகு முதுகில் கை பட்டது. வால்வை ஒரு பக்கம் திருகி, மறு பக்கம் திருகி, முட்டத் திறந்து நிறுத்தினான். நான் கேஜைக் கையில் பிடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழுத்தேன். முள் அசையவில்லை. அவன் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.